வாங்க… பார்த்துப் போங்க!

ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிற தேசம் நம் தேசம் ஒன்றுதான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சீனாவுக்குப் போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். 2001-ஆம் ஆண்டிலிருந்து அங்கே மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. பள்ளிப் படிப்பை முடிக்கும்போது எழுதுகிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குக் 'காவ்காவ்' என்று பெயர். பெயரைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அங்கே பெற்றோருக்கு அடிவயிறு கலங்கும். மொத்தம் 750 மதிப்பெண். அதில் தாய்மொழிக்கு 150, கணக்குக்கு 150, ஆங்கிலத்துக்கும் 150! ஒரு பிள்ளையின் தலையெழுத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஓர் அந்நிய மொழி எழுதுகிறது என்றால் பாருங்கள்.

இத்தனை படித்தும் அந்தப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச வராது. இலக்கணம் தலைகீழாகத் தெரியும். ஆயிரக்கணக்கான சொற்கள் மனப்பாடம். ஆனால் எதிரே ஒருவர் வந்து 'சௌக்கியமா?' என்று கேட்டால், 'ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?' என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு நின்றுவிடுவார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது.

இதை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? மும்பையில் ஒரு பள்ளியில் 26 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள் நான். என் கணவருக்கு ஜவுளி வியாபாரத்தில் வேலை. அவருடைய நிறுவனம் அவரை 2015-ல் சீனாவுக்கு அனுப்பியது. 2019 வரை நாங்கள் அங்கே இருந்தோம். ஜெஜியாங் மாகாணத்தில் ஷாவ்சிங் என்ற பழைய நகரம். அதைச் சேர்ந்தது கெச்சியாவ். நம் சூரத், பிவண்டிப் பக்கத்து ஜவுளிக்காரர்களுக்கு இந்த ஊரின் பெயர் நன்றாகத் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை துணிக் கடைகளாக ஒரு பிரம்மாண்டமான சந்தை அங்கே இருக்கிறது. அதனால் இந்திய வியாபாரிகளும் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். சப்பாத்தியும் சாம்பார்ப் பொடியும் கிடைக்காமல் யாரும் தவித்துப் போவதில்லை.

கணவரைச் சார்ந்து விசாவில் போனவர்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ஆகவே நான் வகுப்பு என்று எதையும் நடத்தவில்லை. ஆசிரியை என்று அறிந்த பக்கத்து வீட்டு அம்மாள், 'என் பெண்ணோடு வாரம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருங்களேன்' என்று கேட்டுக்கொண்டார். ஒரு பெண் இரண்டாகி, இரண்டு ஏழாகி, சனிக்கிழமை மாலையில் எங்கள் ஹாலில் உட்கார இடமில்லாமல் போயிற்று. எல்லாரும் 13 வயதிலிருந்து 17 வயதுக்குள் இருப்பவர்கள். தட்சிணையாக ஆரஞ்சும் பம்ப்ளிமாஸும் வந்து குவிந்தன. என்னை 'ஆயி' என்று கூப்பிட்டார்கள். சீனத்தில் அதற்குச் சித்தி, அத்தை என்பது போல அர்த்தம். மும்பைக்காரிக்கு அது 'அம்மா' என்றுதானே காதில் விழும்? எப்படியோ, உறவு ஒட்டிக்கொண்டது.

லீ ஹுவா எழுதிய கடிதங்கள்

என்ன பேசுவது? பாடப் புத்தகத்தையே எடுத்து வரச் சொன்னேன். அதில் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, வீட்டுக்கு அழைப்பது. மற்றொன்று, சாலையில் கவனமாகப் போவது.

அழைப்பு விஷயத்தில் அவர்களுக்கு ஒரு கதாநாயகன் உண்டு. பெயர் லீ ஹுவா. ரத்தமும் சதையுமான ஆள் இல்லை; தேர்வுத் தாளில் மட்டும் வாழ்கிறவன். 'உன் பெயர் லீ ஹுவா என்று வைத்துக்கொள். உன் வெளிநாட்டு நண்பனுக்கு ஒரு கடிதம் எழுது' என்றுதான் கேள்வி வரும். தலைமுறை தலைமுறையாகச் சீன மாணவர்கள் லீ ஹுவாவாக மாறி, கண்ணால் காணாத நண்பர்களைக் கண்காட்சிக்கும் பண்டிகைக்கும் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2018-ல் தேசியத் தேர்வின் முதல் தாளில், நியூஸிலாந்து நண்பன் ஒருவன் ஒரு சீன வீட்டுக்கு விருந்தாளியாகப் போகப் போகிறான். எத்தனை மணிக்குப் போக வேண்டும், என்ன பரிசு கொண்டு போகலாம், சாப்பாட்டு மேஜையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கு எழுதச் சொன்னார்கள். எங்கள் மாகாணத்துக்கு அப்போது தனித் தாள். ஆனாலும் என் ஹாலில் அன்று அதுதான் பேச்சு.

பரிசு என்றதும் எனக்கே பாடம் நடந்தது. கடிகாரம் கொடுக்கக் கூடாது. 'கடிகாரம் கொடுப்பது' என்பதும் 'சாகிறவரை வழியனுப்பி வைப்பது' என்பதும் சீனத்தில் ஒரே மாதிரி ஒலிக்குமாம். குடை கூடாது, அந்தச் சொல் 'சிதறிப் போதல்' என்பதுபோல் ஒலிக்கும். பேரிக்காயை இருவர் பங்கிட்டுத் தின்னக் கூடாது. 'பிரிவு' என்று காதில் விழும். கொடுத்த பரிசை வந்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பதும் பழைய மரியாதை அல்ல. மொய்ப் பணத்தில் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற நமக்கு இதெல்லாம் விநோதமாகப் படவில்லை.

'நீ' அங்கேயும் 'நீ'தான்

உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. சீன மொழியிலும் 'நீ' என்றால் நீதான்! மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால் 'நின்' என்பார்கள். தற்செயலாக நேர்ந்த ஒற்றுமைதான். இதை வைத்துக்கொண்டு யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட வேண்டாம். ஆனால் முதல் நாள் அதைக் கேட்டபோது வேற்றூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. பழைய தலைமுறைச் சீனர்கள் வழியில் பார்த்தால் 'வணக்கம்' சொல்வதற்குப் பதில் 'சாப்பிட்டாயா?' என்றுதான் கேட்பார்கள். நாமும் அப்படித்தானே? அந்தக் கேள்விக்கு விடை தேவையில்லை. 'ஆச்சு' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். இதையே ஒரு சீன மாணவன் ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைக்காரரிடம் கேட்டால், அவர் 'ஓகோ, நம்மைச் சாப்பிடக் கூப்பிடுகிறான்' என்று எடுத்துக்கொண்டு நிற்பார்.

'ஒரு நாள் உங்களைச் சாப்பாட்டுக்கு அழைக்கிறேன்' என்று சீனத்தில் சொன்னால் பெரும்பாலும் அது விடைபெறும் வார்த்தை. நம் ஊரில் 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்' என்பதும், அதற்கு 'கண்டிப்பா வர்றோம்' என்பதும் எந்த நாட்காட்டியிலும் ஏறாத வார்த்தைகள் இல்லையா? இரண்டு பேருக்கும் அது தெரியும். அதில் பொய்யும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

ஆகவே முதல் பயிற்சியாக ஒன்றைச் சொன்னேன். 'ஆங்கிலத்தில் அழைப்பு என்றால் அதில் நாள், நேரம், இடம் மூன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அழைப்பு அல்ல, அன்பு.' பிள்ளைகள் இதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். 'வுட் யூ லைக் டு கம் டு மை ஹவுஸ் ஃபார் லஞ்ச் ஆன் சாட்டர்டே அட் ட்வெல்வ்?' என்று சொல்லிச் சொல்லிப் பழகினார்கள். அதற்கு முன் 'கம் டு மை ஹவுஸ் டு ப்ளே' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சீனத்தில் பெரியவர்கள்கூட 'வீட்டுக்கு விளையாட வா' என்றுதான் அழைப்பார்கள். சும்மா வந்து போ என்பதுதான் பொருள். ஐம்பது வயது ஜவுளி முதலாளி ஒருவர் இன்னொரு முதலாளியை அப்படி ஆங்கிலத்தில் அழைத்தால் எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்டினேன். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

மூன்று முறை 'வேண்டாம்'

அழைப்பது சுலபம். மறுப்பதுதான் கஷ்டம்.

சீன வீட்டில் முதல் தடவை கொடுக்கும்போதே வாங்கிக்கொண்டால் அலைந்தவர் என்று நினைப்பார்கள். 'வேண்டாம்' என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டும். அவர்களும் விடாமல் கொடுக்க வேண்டும். என்ன குடிக்கிறாய் என்று கேட்டால் 'சுய்பியென்' என்பார்கள், 'எதுவானாலும் சரி' என்று அர்த்தம். தட்டைக் காலி செய்தால் மேலும் விழும். பாராட்டினால் 'நாலி, நாலி' என்று பதில் வரும். 'எங்கே, எங்கே' என்று பொருள். 'அதெல்லாம் ஒன்றுமில்லைங்க' என்று நாம் நெளிவது போல.

இந்த வீட்டுப் பழக்கத்தோடு ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டீ வேணுமா?' என்று வீட்டுக்காரர் கேட்பார். மரியாதைக்கு 'நோ, தேங்க் யூ' என்று சொல்லும். அவர் சரி என்று கெட்டிலை வைத்துவிட்டுப் போய்விடுவார். பிள்ளை வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருக்கும்! நம்மூரிலிருந்து போகிற பிள்ளைகளுக்கும் இது நேர்ந்திருக்கும்.

எதிர்த் திசையிலும் சிக்கல் உண்டு. நேரமில்லை என்பதைச் சீனத்தில் சொல்வதை அப்படியே ஆங்கிலமாக்கி, 'சாரி, ஐ ஹாவ் நோ டைம்' என்று பட்டென்று சொல்வார்கள். கேட்டவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஆகவே மறுப்பை மூன்று துண்டாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தேன். முதலில் நன்றி, பிறகு காரணம், கடைசியில் வேறொரு வழி. 'தேங்க் யூ ஃபார் ஆஸ்கிங். ஐ வுட் லவ் டு, பட் ஐ ஹாவ் அன் எக்ஸாம். குட் வீ மீட் நெக்ஸ்ட் வீக்?' மூன்று படியும் தவறாமல் ஏறி இறங்கினால் எந்த 'நோ'வும் யாரையும் புண்படுத்தாது. இது சீனப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய மருந்து அல்ல.

எந்தப் பக்கம் பார்ப்பது?

அழைப்பு என்றால் வழி சொல்ல வேண்டும். வழி சொன்னால் சாலை வந்துவிடும். 'இரண்டாவது கிராஸிங்கில் இடது பக்கம் திரும்பு, ஜீப்ரா கோட்டில் சாலையைக் கட' என்று சொல்லச் சொல்ல, பாடம் அழைப்பிலிருந்து சாலைப் பாதுகாப்புக்குத் தானாகவே நகர்ந்தது.

சீனாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஹாங்காங்கிலும் மக்காவிலும் மட்டும் நம்மைப் போல இடப்பக்கம். ஆகவே சீனாவில் நடைபாதையிலிருந்து இறங்குகிறவர் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும்; அங்கிருந்துதான் வண்டி வரும். இங்கே நாம் முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் கழுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை மூளை யோசித்து முடிவு செய்வதில்லை. ஐந்து வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோதே அது முடிவாகிவிட்டது. லண்டனில் பல இடங்களில் நடப்பவர் கண்ணில் படும்படி தரையிலேயே 'லுக் ரைட்' என்று எழுதி வைத்திருப்பது இதனால்தான்.

என்னிடம் வந்தவர்களில் மூத்தவள் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போவதாக இருந்தாள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் வண்டி ஓடும். அவளுக்காக ஹாலில் சாக்பீஸால் சாலை வரைந்தோம். ஒருத்தி பஸ், ஒருவன் கார், இரண்டு பேர் மின் ஸ்கூட்டர். நான் 'கிராஸ்!' என்று சொன்னதும் அவள் 'லுக் ரைட், லுக் லெஃப்ட், லுக் ரைட் அகெய்ன்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கழுத்தைத் திருப்ப வேண்டும். முதல் நாள் பத்துத் தடவையில் ஏழு தடவை 'பஸ்' அவளை இடித்தது. சொல்வது 'ரைட்', கழுத்து திரும்புவது இடப்பக்கம்! மாதம் ஒன்று ஆன பிறகு கழுத்தும் வாயும் ஒத்துப் போயின. விமானம் ஏறுவதற்கு முன் அவளுடைய தாய் என்னிடம் வந்து, மொழிபெயர்ப்புக் கருவியில் ஒரு வாக்கியத்தைத் தட்டிக் காட்டினார். 'மதிப்பெண்ணுக்கு நன்றி சொல்ல வரவில்லை, சாலைக்கு நன்றி சொல்ல வந்தேன்' என்று அதில் இருந்தது.

சீனச் சாலைகளைப் பற்றி இன்னும் சில விவரங்கள். சிவப்பு விளக்கு எரிந்தாலும் வலப்பக்கம் திரும்புகிற வண்டிகள் பொதுவாகத் திரும்பலாம். ஆகவே நடப்பவருக்குப் பச்சை விழுந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்க முடியாது. நாடு முழுவதும் மின் ஸ்கூட்டர்கள் 30 கோடிக்கும் மேல். சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். கூட்டம் சேர்ந்தால் விளக்கைப் பார்க்காமல் எல்லாரும் திமுதிமுவென்று சாலையைக் கடக்கிற வழக்கத்தை 2012-ல் சீனர்களே 'சீனப் பாணிச் சாலை கடத்தல்' என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். தாதரிலும் தாராவியிலும் சாலை கடக்கிற நாம் அந்தக் கேலியில் கலந்துகொள்ளாமல் இருப்பது உத்தமம்.

கேலியோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அதே 2012-ல் டிசம்பர் 2-ஐத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு நாளாக அறிவித்தார்கள். சாலை விபத்துக்கு அழைக்க வேண்டிய எண் 122; பன்னிரண்டாம் மாதம் இரண்டாம் தேதி என்றால் யாருக்கும் மறக்காது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாங்ஜோவ் நகரத்தில் ஜீப்ரா கோட்டில் ஆள் கால் வைத்தால் பஸ் நின்றுவிடும். முதல் தடவை எனக்காக ஒரு பெரிய பஸ் நின்றபோது, பழுதாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நானும் நின்றேன். பின்னால் வந்த பாட்டி என் முழங்கையைத் தட்டி நடக்கச் சொன்னார். 2020-ல் 'ஒரு ஹெல்மெட், ஒரு பெல்ட்' என்று ஓர் இயக்கம் தொடங்கி, ஸ்கூட்டரில் ஹெல்மெட்டையும் காரில் சீட் பெல்ட்டையும் வற்புறுத்தினார்கள். அப்போது நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். மாணவர்கள் மஞ்சளும் நீலமுமாக ஹெல்மெட் போட்டுப் படம் அனுப்பியிருந்தார்கள்.

தேநீர்க் கோப்பை

இத்தனை நாள் தனித்தனியாக ஓடிய இரண்டு பாடங்களும் ஒரு மாலையில் ஒன்றாகச் சேர்ந்தன.

மறுப்பதற்கான நாடகம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் விருந்தாளி, மற்றவர்கள் வீட்டுக்காரர்கள். ஆளுக்கு ஆள் குடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டும். அவன் ஆங்கிலத்தில் நாசூக்காக மறுக்க வேண்டும். ஷாவ்சிங் ஊரே அரிசியில் காய்ச்சும் மஞ்சள் மதுவுக்குப் பேர்போனது. வியாபார விருந்து என்றால் 'கான்பெய்' என்று கோப்பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பெரியவர் நீட்டிய கோப்பையைத் தள்ளினால் அவர் முகத்தையே தள்ளியதாக அர்த்தம்.

அந்தப் பையன் முதல் தடவை நன்றாக மறுத்தான். இரண்டாம் தடவையும் மறுத்தான். மூன்றாம் தடவை ஒருத்தி, 'இந்த ஒரு கோப்பை எனக்காக' என்று நீட்டியதும் பேசாமல் நின்றுவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய தாய்மாமன் ஒரு விருந்தில் இப்படித்தான் மூன்று முறை மறுத்திருக்கிறார். நாலாவது முறை அவர் பெரிதாக மதித்த ஒருவர் நீட்டியிருக்கிறார். இரவு மின் ஸ்கூட்டரில் வீடு திரும்பியவர் கால்வாய்ப் பாலத்துச் சுவரில் மோதி இறந்துபோனார். 'மாமாவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும், ஆயி. அவர்களுக்குத்தான் அதைக் கேட்கத் தெரியவில்லை' என்றான்.

யாரும் பேசவில்லை. இதற்கு நான் எந்த ஆங்கில வாக்கியத்தைக் கற்றுக்கொடுப்பது?

கொஞ்ச நேரம் கழித்து வகுப்பிலேயே சின்னவள் ஒரு வழி சொன்னாள். அவள் தாத்தா மதுவுக்குப் பதிலாகத் தேநீர்க் கோப்பையை உயர்த்துவாராம். 'தேநீரால் மதுவுக்கு ஈடு செய்கிறேன்' என்று சீனத்தில் நாலே சொல்லில் ஒரு வழக்கு இருக்கிறது. மரியாதையும் போகாது, புத்தியும் தடுமாறாது. அதை எல்லாரும் சேர்ந்து ஆங்கிலமாக்கினோம். 'ஐ அம் ரைடிங் ஹோம் டுநைட். ப்ளீஸ் லெட் மீ ட்ரிங்க் டு யூ வித் டீ.' அன்று இன்னொன்றும் செய்தோம். வீட்டுக்காரராக நடிப்பவருக்கும் ஒரு வாக்கியம் எழுதினோம். 'ஹௌ ஆர் யூ கெட்டிங் ஹோம்?' நீ எப்படி வீட்டுக்குப் போகப் போகிறாய்? இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எதையும் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் நாடகத்தின் விதி.

சட்டமும் அந்த நாட்டில் இதே பக்கம்தான் நிற்கிறது. 2011 மே 1 முதல் குடிபோதையில் கார் ஓட்டுவது வெறும் அபராதத்தோடு போகிற தப்பு அல்ல, கிரிமினல் குற்றம். 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே தண்டனை. 80-ஐ எட்டினால் சிறைக்கும் போக நேரலாம். அதன் பிறகு விருந்துகளில் 'கார் ஓட்டி வந்திருக்கிறேன்' என்பது யாரும் மறுத்துப் பேசாத காரணமாயிற்று. 'தாய்ஜியா' என்று ஒரு தொழிலே பெருகிவிட்டது. போன் செய்தால் ஓர் ஆள் மடக்கு சைக்கிளில் வருவார். சைக்கிளை உங்கள் காரின் டிக்கியில் போட்டுவிட்டு, உங்களை உங்கள் காரிலேயே வீட்டில் கொண்டு சேர்ப்பார். விருந்தில் வற்புறுத்திக் குடிக்க வைத்தவர்களும், நிதானமில்லாதவரைத் தனியே அனுப்பியவர்களும், அவர் இறந்த பிறகு குடும்பத்துக்கு நஷ்டஈட்டில் பங்கு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்த வழக்குகளும் உண்டு. அழைத்தவருக்குப் பொறுப்பு வாசற்படியோடு முடிவதில்லை என்று அந்தத் தீர்ப்புகள் சொல்கின்றன.

ஒரு மாதம் கழித்து அந்தப் பையனின் தந்தை புத்தாண்டு விருந்துக்கு எங்களை அழைத்தார். நாள், நேரம், இடம் மூன்றும் இருந்தன! பத்துப் பேர் உட்காரும் வட்ட மேஜை. 'கான்பெய்' தொடங்கியதும் பையன் எழுந்து ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டுக்கொண்டு போனான். என்ன கேட்கிறான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தேன். 'நீங்கள் எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள்?' என்று கேட்கிறானாம். ஸ்கூட்டர் என்று சொன்ன இருவர் முன்னால் தேநீர்க் கோப்பையை வைத்தான். ஒருவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. தந்தை உடனே தம் மதுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தேநீரை எடுத்து அவரை நோக்கி உயர்த்தினார். அதற்கு மேல் யாருக்கும் முகம் சுருங்க இடமில்லை.

'மெல்லப் போங்கள்'

சீனர்கள் விருந்தாளியை வாசலோடு விட்டுவிடுவதில்லை. லிஃப்ட் வரை வருவார்கள். சிலர் தெருவரை வருவார்கள். விருந்தாளி 'இத்தோடு நில்லுங்கள்' என்பார். வீட்டுக்காரர் 'மான் ட்ஸோ' என்பார். 'மெல்லப் போங்கள்' என்று பொருள். கூடவே 'வழியில் கவனம்', 'வீடு சேர்ந்ததும் சொல்லுங்கள்' என்பதும் வரும். என் மாணவி ஒருத்தி இதை அப்படியே ஆங்கிலமாக்கி, 'ப்ளீஸ் வாக் ஸ்லோலி' என்று சொல்வாள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். எனக்கு அதைத் திருத்த மனம் வரவில்லை. 'டேக் கேர், டெக்ஸ்ட் மீ வென் யூ கெட் ஹோம்' என்பதைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதையும் வைத்துக்கொள் என்று சொன்னேன்.

நம்மிடமும் அந்த வார்த்தை இருக்கிறது. 'போகிறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று நம் பாட்டிகள் கண்டித்து வளர்த்தார்கள். 'பார்த்துப் போங்க' என்று சொல்லாமல் நம் வீட்டிலிருந்து யாரும் படி இறங்கியதில்லை. ஆனால் அது வாயிலிருந்து வருகிறதே தவிர, காரியத்தில் வருகிறதா?

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசின் கணக்கு. ஐந்து வயதிலிருந்து இருபத்தொன்பது வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு உலகம் முழுவதும் முதல் காரணம் சாலை விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சட்டம் நம்மிடமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நம் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். நாலு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் பைக்கில் ஹெல்மெட் வேண்டும், பின்னால் உட்காருபவருக்கும்தான். அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிவிடுகிறவருக்குத் தொல்லை வரக் கூடாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. அவசரத்துக்கு 112.

நாம் ஊரை விட்டு வந்து குடியேறியவர்கள். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு வளைகாப்பு என்றால் டோம்பிவிலியிலிருந்தும் வாஷியிலிருந்தும் சொந்தங்கள் இரவு பத்து மணிக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. புடவை முந்தானை சக்கரத்தில் மாட்டாமல், மடியில் குழந்தையோடு, ஹெல்மெட் தலை அலங்காரத்தைக் கலைத்துவிடும் என்று கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்களை நான் இப்போதும் பார்க்கிறேன். அவர்கள் யார்? நாம் பத்திரிகை வைத்து, 'கண்டிப்பா குடும்பத்தோடு வரணும்' என்று அழைத்தவர்கள்.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தடவை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யாரை அழைத்தாலும், 'எப்ப வரீங்க?' என்று கேட்கும்போதே 'எப்படித் திரும்பிப் போவீங்க?' என்றும் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டை அரை மணி முன்னதாகப் போட்டால் கடைசி ரயிலுக்கு யாரும் தண்டவாளத்தைத் தாண்டி ஓட வேண்டாம். பைக்கில் வந்தவருக்குத் தாம்பூலப் பையைக் கொடுக்கும்போது ஹெல்மெட் எங்கே என்று பாருங்கள். பிள்ளைகள் நண்பர்களோடு வெளியே போனால் 'வேண்டாம்' என்று மூன்று படியில் சொல்லக் கற்றுக்கொடுங்கள்: நன்றி, காரணம், வேறு வழி. அதைவிட முக்கியமாக, அடுத்தவர் சொல்லும் முதல் 'வேண்டாம்' என்பதையே காதில் வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்குப் போன பெண் இப்போது மெல்போர்னில் வேலையில் இருக்கிறாள். சாலை கடக்கும்போது இன்னும் வாய்க்குள் முணுமுணுப்பாளாம். தாய்மாமனை இழந்த பையன் பல்கலைக்கழகத்தை முடித்துத் தந்தையின் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அவனுடைய ஆங்கிலத்தில் இப்போதும் இலக்கணம் முன்னே ஓடும், உச்சரிப்பு பின்னே வரும். ஆனாலும் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு விருந்து வைக்கும்போது எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.